நாய்க்குச் சிறுகுடலில் பாக்டீரியா பெருகிவிட்டது என்கிறார் டாக்டர். ஆன்டிபயாடிக் நிறுத்தினால் பேதி திரும்ப வருகிறதே, ஏன்?

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயதில் இதேதான் நடந்தது. வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று நிற்பாள். ஆனாலும் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இளைத்துக்கொண்டே போனாள். வயிறு எப்போதும் கடகடவென்று உருளும். மலம் வெளிர் மஞ்சளாக, குவியல் குவியலாகப் போகும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் நன்றாக இருப்பாள், நிறுத்திய சில நாட்களில் பழையபடி ஆகிவிடும். இப்படி மூன்று சுற்று ஓடியது. பாக்டீரியா ஏன் பெருகுகிறது என்று முதல் சுற்றிலேயே கேட்காமல் போனோமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

இரைப்பை அமிலம், கணைய நீர், குடலின் அசைவு, இவையெல்லாம் சேர்ந்துதான் சிறுகுடலில் பாக்டீரியாவை அடக்கி வைக்கின்றன. இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் பாக்டீரியா பெருகலாம். மருந்து கொஞ்ச நாள் குறைக்கும், அவ்வளவுதான். காரணம் அப்படியே இருந்தால் பேதி திரும்பத்தான் செய்யும்.

எங்களுக்கு விடை கிடைத்தது டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனையில். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். கணையம் செரிமான என்சைம்களைச் சுரக்கவே இல்லை என்று தெரிந்தது. இந்த இனத்தில் இது அதிகம். கணையத்தின் சுரக்கும் திறன் ஏறக்குறைய 90 சதவீதம் போன பிறகுதான் அறிகுறியே வெளியே தெரியுமாம். கூடவே பி12, ஃபோலேட் என்ற இரண்டு வைட்டமின்களின் அளவும் பார்த்தார்கள். பாக்டீரியா பி12-ஐ எடுத்துக்கொண்டு ஃபோலேட்டை உற்பத்தி செய்யும், அதனால் முன்னது குறைந்து பின்னது கூடியிருந்தால் பாக்டீரியா பெருகியிருக்கிறது என்பதற்கு ஒரு துப்பு. அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. நாய்க்கு பி12 உடம்பில் சேர உதவும் புரதமும் பெரும்பாலும் கணையத்திலிருந்துதான் வருகிறது, எனவே கணையம் கெட்டாலும் பி12 இறங்கும்.

அப்புறம் ஒவ்வொரு வேளை உணவிலும் என்சைம் பொடி, வாரம் ஒரு பி12 ஊசி என்று ஆறு வாரம். பொடி மட்டும் வாழ்நாள் முழுக்க. முதல் வாரத்திலேயே மலம் கெட்டியானது. எடை ஏற மாதக்கணக்கில் ஆனது, ஆனால் ஏறியது.

உங்கள் நாய்க்கும் கணையம்தான் என்று சொல்ல வரவில்லை. குடல் புழு, ஜியார்டியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி, உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி எதுவாகவும் இருக்கலாம். மலப் பரிசோதனை ஆகவில்லையென்றால் அதை முதலில் செய்யச் சொல்லுங்கள். கொழுப்பு குறைந்த, எளிதில் செரிக்கும் உணவை மட்டும் இரண்டு மூன்று வாரம் கொடுத்துப் பார்க்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். பல நாய்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. மெட்ரோனிடசோல் நல்ல பாக்டீரியாவையும் அழிக்கும், குடல் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் அடுத்த சுற்று மருந்துக்கு முன் இந்தப் பரிசோதனைகளைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மலத்தில் ரத்தம், வாந்தி, சோர்ந்து படுத்தே கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.