பசுங்கணிகத்துக்குள் புரதம் போவது எப்படி? கேள்வி பதில்

சேலம், ஏற்காடு, ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் தொடுகின்றன: இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடத்தும் பச்சை உறுப்பான பசுங்கணிகத்துக்குள் புரதம் நுழைவது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ மாணவி, அம்மாபேட்டை: சார், பசுங்கணிகத்துக்குத்தான் சொந்த டி.என்.ஏ இருக்கிறதே, அப்புறம் எதற்கு வெளியிலிருந்து புரதம்?

இருக்கிறதம்மா, போதவில்லை. அந்த டி.என்.ஏ-வை வைத்துச் செய்யக்கூடிய புரதங்கள் சுமார் 100-தான். தேவையோ ஏறக்குறைய 3,000 வகை. தனியாக வாழ்ந்த நீலப்பச்சை பாக்டீரியா ஒன்று செல்லுக்குள் குடியேறியதிலிருந்து வந்ததுதான் பசுங்கணிகம். போகப்போக அதன் ஜீன்களில் பெரும்பாலானவை உட்கருவுக்குப் போய்விட்டன. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதியையே எடுத்துக்கொள். அதில் 8 பெரிய துணையலகு, 8 சிறிய துணையலகு. பெரியது உள்ளேயே தயாராகிறது. சிறியது வெளியே சைட்டோபிளாசத்தில் தயாராகி இரண்டு சவ்வுகளைக் கடந்து வந்து சேர்கிறது.

முதுகலை மாணவர், சேலம்: செமினாருக்கு இந்தத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். டாக், டிக் என்று பெயர்ப் பட்டியலாகவே இருக்கிறது. சாப்பரோன் புரதம் இதில் எங்கே வருகிறது?

முதலிலிருந்து கடைசி வரை வருகிறது, தம்பி. மற்ற புரதங்கள் மடிவதைக் கவனித்துக்கொள்ளும் புரதம்தான் சாப்பரோன்; டாக், டிக் என்பவை பசுங்கணிகத்தின் வெளிச்சவ்விலும் உட்சவ்விலும் இருக்கும் வாசல் புரதங்கள். பெயர்களை ஒப்பிக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் புரதம் மடிந்திருக்கிறதா, மடியாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போங்கள், எல்லாம் தானே விளங்கும்.

ரைபோசோமிலிருந்து வரும் புரதத்தின் முன்முனையில் முகவரிப் பகுதி ஒன்று இருக்கும். சிக்கு விழுந்த நூல் ஊசிக்காதில் நுழையுமா? அதனால் வெளியிலேயே எச்.எஸ்.பி.70, எச்.எஸ்.பி.90 போன்ற சாப்பரோன்கள் பிடித்துக்கொண்டு, மடியவும் ஒன்றோடொன்று ஒட்டவும் விடாமல் பார்த்துக்கொள்கின்றன. வெளிச்சவ்வில் டாக்159, டாக்34 அதை அடையாளம் காண, டாக்75 வழிவிடுகிறது. அடுத்து உட்சவ்வின் டிக் தொகுதி. உட்சவ்வுக்கு உள்ளே இருக்கும் ஸ்ட்ரோமா என்ற திரவப் பகுதியில் எட்டிப் பார்த்ததும் அங்குள்ள எச்.எஸ்.பி.70, எச்.எஸ்.பி.93, எச்.எஸ்.பி.90சி ஆகியவை செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி-யைச் செலவழித்து உள்ளே இழுக்கின்றன. முகவரிப் பகுதியை ஒரு நொதி வெட்டி எறிகிறது. அதற்குப் பிறகுதான் மடியலாம்; அந்த மடிப்புக்கும் சி.பி.என்.60 என்ற சாப்பரோன் பல புரதங்களுக்குத் துணை நிற்கிறது. ஆக, மடிய விடாமல் தடுப்பதும் மடிய வைப்பதும் இரண்டுமே சாப்பரோன்களின் வேலைதான். செமினாரில் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

சோதனை ஒன்றையும் காட்டுங்கள். இளம் பட்டாணி இலையிலிருந்து உடையாத பசுங்கணிகங்களைப் பிரித்து, கதிரியக்கக் குறியிட்ட ருபிஸ்கோ சிறிய துணையலகின் முன்வடிவத்தைச் சேர்ப்பார்கள். ஏ.டி.பி மிகக் குறைவாக இருந்தால் அது சவ்விலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏ.டி.பி-யைக் கூட்டினால் உள்ளே போய்விடும். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், முகவரிப் பகுதி வெட்டுப்பட்டதால் சுமார் 20 கிலோடால்டனில் இருந்த பட்டை 14-க்கு இறங்கியிருக்கும். வெளியே புரதம் தின்னும் நொதியைப் போட்டாலும் அந்த 14 அழியாது, ஏனென்றால் அது உள்ளே பத்திரமாக இருக்கிறது. எனக்கு இதைவிட அழகான சான்று தெரியாது.

அதே மாணவர்: உண்மையில் இழுப்பது எது? 70-ஆ, 93-ஆ?

கட்சி பிரிந்திருக்கிறது. எச்.எஸ்.பி.70 இதில் பங்கெடுக்கிறது என்பதற்கு 2010-இல் மாஸ் என்ற பாசிச் செடியிலும், ஆய்வகச் சிறுசெடியான அரபிடாப்சிஸிலும் நல்ல ஆதாரம் கிடைத்தது. 2018-இல் ஜப்பானியக் குழு ஒன்று ஒய்.சி.எஃப்.2, எஃப்.டி.எஸ்.எச்.ஐ என்ற புரதங்கள் அடங்கிய தொகுதிதான் இழுக்கும் மோட்டார் என்றது. ஒன்றுக்கு மேற்பட்ட மோட்டார்கள் இருக்கலாம் என்பது என் எண்ணம். இரு பக்கத்தையும் சொல்லுங்கள், தீர்ப்பு வேண்டாம்.

காபித் தோட்டக்காரர், ஏற்காடு: என் செடிகளில் இலை மஞ்சளாகிறது. புரதம் உள்ளே போகாத கோளாறாக இருக்குமா?

அநேகமாக இல்லைங்க. டாக்33 என்ற வாசல் புரதம் இல்லாத அரபிடாப்சிஸ் செடி வெளிறிப் பிறக்கும் என்பது 1998-இலேயே தெரியும், ஆனால் அது பிறவிக் குறை. நன்றாக இருந்த தோட்டத்தில் திடீரென்று வராது. முதிர்ந்த இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சளித்தால் மக்னீசியம் குறைவா என்று பாருங்கள், துளிரில் என்றால் இரும்பு. மண் பரிசோதனை செய்துவிட்டு மருந்து வாங்குங்கள். தாமிர நிறத் துளிர் சில ரகங்களுக்கு இயல்பு, பயப்பட வேண்டாம்.

மரவள்ளி விவசாயி, ஆத்தூர்: கிழங்கில் பச்சையே கிடையாது. எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஜவ்வரிசியே இதில்தானே இருக்கிறது ஐயா! கிழங்குச் செல்லில் மாவு சேர்வது அமைலோபிளாஸ்டில்; அது பசுங்கணிகத்தின் பங்காளி. மாவைக் கட்டும் நொதிகள் வெளியே தயாராகி, இதே மாதிரி வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. தேமல் நோயில் வரும் மஞ்சள் வேறு கதை. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், விதைக்கரணை வழியாகவும் வரும். நோயில்லாத செடியில் கரணை எடுங்கள்.

கல்லூரி விரிவுரையாளர், ஓமலூர்: சாப்பரோன் ஆராய்ச்சி பாக்டீரியாவில் தொடங்கியதுதானே?

பசுங்கணிகத்துக்கும் சம பங்கு உண்டுங்க. 1980-இல் பாராக்ளோவும் ஜான் எல்லிஸும் பட்டாணிப் பசுங்கணிகத்தில், புதிதாக உருவான ருபிஸ்கோ பெரிய துணையலகு இன்னொரு பெரிய புரதத்தோடு ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். அதுவும் (மேலே சொன்ன சி.பி.என்.60-தான் அது) ஈ.கோலை பாக்டீரியாவின் குரோஇ.எல் என்ற சாப்பரோனும் ஒரே இனம் என்று 1988-இல் தெரிந்தது.

பள்ளி ஆசிரியை, ஏற்காடு: பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட முடியுமா?

புரதம் நுழைவதைப் பள்ளியில் காட்ட முடியாதுங்க டீச்சர், பசுங்கணிகத்தைக் காட்டலாம். பாலக்கீரையை ஐஸில் குளிர வைத்த சர்க்கரைக் கரைசலில் சில விநாடி மட்டும் அரைத்து, நாலு மடிப்பு மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டியதை ஐஸிலேயே வையுங்கள், சீக்கிரம் பார்த்துவிடுங்கள். நேரமானால் பாதி உடைந்துவிடும்.