பாஸ் பறிபோனால் யார் தப்பு?

"பயிற்சியில் என் மகள் போடும் பாஸ் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. மேட்ச்சில் பாதியை எதிரணி தட்டிப் பறித்துவிடுகிறது. கையில் வலு போதவில்லையா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடும் 14 வயதுப் பெண்.

வலுவை நான் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். முதலில் பந்தை வாங்குகிறவரைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே கையை நீட்டிக் காத்திருப்பார். அவரை மறிக்கும் டிஃபெண்டர் ஓர் எட்டு முன்னால் வந்தால் போதும், பந்து போயிற்று. பந்தை எதிர்கொண்டு இரண்டு எட்டு வைத்து வாங்கினால் அதே பாஸ் பத்திரமாகச் சேரும். திட்டு வாங்குவது என்னவோ போட்டவர்தான்!

அப்புறம் உங்கள் மகளின் கண். இரண்டு பேர் எதிரெதிரே நின்று எறிந்து பழகினால், நடுவில் ஒரு கை குறுக்கிடும் என்பதே மறந்துபோகும். அந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தூக்கியிருந்தால் இடுப்போரமாக, தரையில் குத்தி அனுப்பும் பவுன்ஸ் பாஸ். தாழ்ந்திருந்தால் காதோரமாக நேர் பாஸ். இரண்டும் அடைபட்டிருந்தால் மேலே போடுவதுபோல் போக்குக் காட்டலாம், கை தானாக ஏறும். பவுன்ஸ் பாஸ் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடந்து தரையில் பட வேண்டும். முன்னாலேயே குத்தினால் பந்து மெதுவாக மிதந்து வரும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இன்னொன்று: டிரிபிளை, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவதை, நிறுத்திவிட்டு ஆள் தேடுவது. தேடி முடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மாட்டிக்கொண்டாலும் பதற வேண்டாம். நெருக்கி மறித்தாலும் விதிப்படி 5 விநாடி இருக்கிறது. ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழன்று வழி பார்க்கலாம்.

இதையெல்லாம் வாயால் சொல்லி ஏறாது. அரை மைதானத்தில் மூவருக்கு மூவர், டிரிபிளே கூடாது, பாஸ் போட்டதும் கூடையை நோக்கி ஓடியாக வேண்டும் என்று ஆட வையுங்கள். முதல் நாள் சந்தைக்கடையாக இருக்கும். டிரிபிள் கிடையாது என்பதால், பந்து இல்லாதவர்கள் ஓடாவிட்டால் ஆட்டமே நகராது. பயிற்சியாளர் நூறு முறை கத்தியும் நடக்காதது அதில் நடந்துவிடும்.

இதற்குப் பிறகும் பாஸ் தளர்வாகப் போனால், சரி, வலுவைப் பார்க்கலாம். சுவரில் எறிந்து பழகட்டும், முடிவில் கட்டைவிரல்கள் தரையைக் காட்ட வேண்டும். வீட்டில் இருப்பது ஆண்களுக்கான 7ஆம் எண் பந்தா என்றும் பாருங்கள். அவள் ஆட வேண்டியது 6ஆம் எண் பந்து.