பழைய டேட்டா சிடிகளை நகலெடுக்க எதை வாங்குவது?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் பழைய டேட்டா சிடி, டிவிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நண்பரின் உபுண்டு கணினியில் 'டிடி' கட்டளையால் நகலெடுத்தால் கடைசியில் 'இன்புட்/அவுட்புட் எர்ரர்' வருகிறது. ரிச்சி தெருவில் டிவிடி டிரைவோடு காப்பி சாஃப்ட்வேரும் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா? – வாசகர், மயிலாப்பூர்

பதில்: டிரைவ் மட்டும் போதும். சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எர்ரர் கடைசியில் மட்டும் வந்தால் பெரும்பாலும் சிடி கெட்டுப்போகவில்லை. டிராக்-அட்-ஒன்ஸ் (டிராக் டிராக்காக எழுதும்) முறையில் எழுதிய சிடியின் முடிவில் இரண்டு ரன்-அவுட் பிளாக்குகள் (பிளாக் என்பது 2048 பைட் துண்டு) இருக்கும். அவற்றில் டேட்டா கிடையாது. டிடி அங்கே போய் முட்டிக்கொள்கிறது. எங்கே நிறுத்துவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். 'ஐசோஇன்ஃபோ -டி -ஐ /டெவ்/எஸ்ஆர்0' (எஸ்ஆர்0 என்பது டிரைவ்) என்று கொடுத்தால் 'வால்யூம் சைஸ்', அதாவது டேட்டா எத்தனை பிளாக் என்று காட்டும். உதாரணமாக 331250 என்று வந்தால்:

டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்ஆர்0 ஓஎஃப்=நகல்.ஐசோ பிஎஸ்=2048 கவுண்ட்=331250

(தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்; டி என்பது d, பி என்பது b.) புது டிஸ்க்கில் எழுதிய பிறகும் இதே கவுண்ட் கொடுத்துப் படித்து, இரண்டு நகலின் 'எம்டி5சம்' (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். கவுண்ட் இல்லாமல் படித்தால், எழுதும்போது முடிவில் சேர்ந்த பேடிங்கும் (வெற்று நிரப்பல்) கணக்கில் வந்து, நல்ல நகலே தப்பாகத் தெரியும்.

வருஷா வருஷம் சேர்த்து எழுதிய மல்டிசெஷன் (ஒவ்வொரு முறை எழுதியதும் ஒரு செஷன்) சிடிக்கு இந்த வழி சரிவராது. ஐசோஇன்ஃபோ முதல் செஷனின் அளவை மட்டுமே காட்டும். அவற்றைக் கோப்புகளாகவே காப்பி செய்துவிடுங்கள்.

எர்ரர் நடுவில் வந்தால் அது கீறலாக இருக்கலாம். 'நோஎர்ரர்,சிங்க்' போட்டு டிடியை ஓட்டாதீர்கள். படிக்க முடியாத இடத்தில் பூஜ்யத்தை நிரப்பிவிட்டுப் போய்விடும், கணக்குக் கோப்பு திறக்காதபோதுதான் தெரியவரும். 'ஜிடிடிரெஸ்க்யூ' பேக்கேஜை நிறுவி, 'டிடிரெஸ்க்யூ -பி 2048 -என் /டெவ்/எஸ்ஆர்0 நகல்.ஐசோ நகல்.மேப்' என்று முதல் சுற்று (கடைசியில் இருப்பது மேப் ஃபைல்; படித்த இடம், படிக்காத இடம் அதில் பதிவாகும்), பிறகு அதே மேப் ஃபைலோடு '-என்'னுக்குப் பதில் '-டி -ஆர்3' போட்டு ('-பி 2048' அப்படியே இருக்கட்டும்) இரண்டாவது சுற்று. அப்போதும் விட்டுப்போன பிளாக்குகளை, அதே மேப் ஃபைலை வைத்து வேறொரு டிரைவில் முயலலாம். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு.

வாங்கும் யூஎஸ்பி டிவிடி டிரைவைக் கடையிலேயே சோதியுங்கள். சிடி உள்ளிருந்து விளிம்பு நோக்கி எழுதப்படுவது; அதனால் நிரம்பிய டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோய்க் கடைசிவரை படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே செருகுங்கள். மின்சாரம் போதாவிட்டால் பாதியில் இணைப்பு அறுந்துவிடும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள்.

காலி டிவிடி வாங்கும்போது, பழைய டிஸ்க் எந்த வகையோ அதே வகையைக் கேளுங்கள். டிவிடி-ஆர் 22,98,496 பிளாக் கொள்ளும், டிவிடி+ஆர் 22,95,104தான். முழுக்க நிரம்பிய டிவிடி-ஆரின் நகல் டிவிடி+ஆரில் அடங்காது.