ஒழுகும் இடம் தெரியாமல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள்

கேள்வி: ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் காருக்கு டைமிங் பெல்ட்டும், கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் முன் ஆயில் சீலும் மாற்றினேன். மூன்றே மாதத்தில் எஞ்சினின் முன்பக்கம் முழுக்க ஆயில். கேட்கப் போனால் “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினார்கள். முதலாளி போனையே எடுப்பதில்லை. “எஞ்சினையே கெடுத்துவிட்டார்கள், நான் சரிசெய்து தருகிறேன்” என்கிறார் வேறொரு மெக்கானிக். அவரிடம் வேலையை முடித்துவிட்டு, புது எஞ்சின் விலையும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அவமானம், அலைச்சல், எடுக்காத போன் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது. ஆயில் எந்த இடத்திலிருந்து வருகிறது, அந்த இடத்தில் ஒர்க்‌ஷாப்காரர் கை வைத்தாரா? இதற்கு விடை இல்லாமல் மற்ற எதுவும் எடுபடாது. மன உளைச்சலுக்கான இழப்பீடும் சேவைக் குறைபாடு நிரூபணமான பிறகுதான் வரும்.

உங்கள் கடிதத்தில் அந்த விடை இல்லை. “முன்பக்கம் முழுக்க ஆயில்” என்பது ஆயில் தெரியும் இடம், கிளம்பும் இடம் அல்ல. எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவருக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கில் கசிந்தால் ஆயில் டைமிங் கவர் வழியாக இறங்கி, கிராங்க் புல்லியில் பட்டு நாலாபக்கமும் தெறிக்கும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது கிராங்க் சீல் ஒழுகுவது போலவே இருக்கும். மேலே கேம் ஷாஃப்டின் முனையில் இருக்கும் கேம் சீலில் கசிந்தாலும் அப்படித்தான். சில எஞ்சின்களில் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சும் அந்தப் பக்கமே இருக்கும். டேப்பெட் கவர் பேக்கிங் வயதாகித் தானாக இறுகிப் போயிருந்து, அதைக் கழற்றியதாக ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப் செய்த வேலைகளை எழுதித் தரும் சீட்டு) ஒரு வரியும் இல்லையென்றால் உங்களுக்கு வழக்கே இல்லை. பேக்கிங்கை மாற்றிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இன்னொன்று. பெரும்பாலான சிறிய கார்களில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். எஞ்சினின் ‘முன்பக்கம்’ என்பது பெல்ட் இருக்கும் பக்கம், அதாவது சக்கரத்தை ஒட்டிய பக்கம். நோட்டீஸில் வெறுமனே ‘முன்பக்கம்’ என்று எழுதி, பம்பர் பக்கத்துப் போட்டோவை இணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்புக்கு அதுவே போதும்.

இப்போது நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் செய்ய நினைக்கும் வரிசைதான் என்னிடம் வந்த பலரைக் கவிழ்த்தது. இரண்டாவது மெக்கானிக் எஞ்சினைக் கழுவி, சீலைப் பிடுங்கி, புதுசு போட்டு, பழையதைக் குப்பையில் எறிவார். கசிவு நிற்கும், கூடவே உங்கள் சாட்சியமும் போய்விடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(6) பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் புகாரை விசாரிப்பது பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான். இன்று உங்களிடம் உரக்கப் பேசும் மெக்கானிக், நாளை தன் தொழில்காரர் ஒருவருக்கு எதிராக வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வருவாரா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டார்.

சிக்கல் என்னவென்றால், கழுவாமல் ஊற்றைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் கழுவுவதற்கு முன்பே ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் சொல்லுங்கள்: இந்தத் தேதியில், இந்த இடத்தில், தகுதியுள்ள ஒருவரை வைத்துச் சோதிக்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள். வராவிட்டால் அந்தக் கடிதமே உங்களுக்குத் துணை. அழுக்கோடு முதலில் வீடியோ, பிறகு கழுவல். ஆயிலில் சாயம் கலந்து, வண்டியை ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கில் மேலிருந்து கீழே பார்த்து வரவேண்டும். ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம்தான் முதல் சந்தேகம். கண்டதைச் சோதித்தவர் கையெழுத்தோடு எழுதித் தரவேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகே கூலி கொடுங்கள். கழற்றிய சீலைக் கவரில் போட்டு ஒட்டி வையுங்கள். வீடியோவைத் தாக்கல் செய்ய, 2023 பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் தயாராக இருக்கட்டும்.

கிராங்க் சீல்தான் என்று உறுதியானாலும் ஓட்டம் முடியாது. எதிர்த்தரப்பில் நான் இருந்தால் முதலில் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைத்தான் பிடிப்பேன். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, சரியாகப் போட்ட சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளிவிடும். எனவே அதையும் அதே சோதனையில் பார்த்து எழுதி வாங்குங்கள். பழைய சீல் உரசி ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் அது உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பலாம். ஒர்க்‌ஷாப்காரர் அதைக் கண்ணால் பார்த்தும் உங்களிடம் சொல்லாமல் அதே தடத்தில் புது சீலைப் போட்டிருந்தால் அது கவனக்குறைவுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பது. தயவுசெய்து நிறுத்துங்கள். ஆயிலில் ஊறிய டைமிங் பெல்ட் பல் நழுவலாம், அறுந்தும் போகலாம். அப்போது பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆயில் அளவு இறங்கிப் போய் எஞ்சின் பிடித்துக்கொள்ளவும் கூடும். அதன் பிறகு புது எஞ்சின் விலை கிடைக்கும் என்று நம்பாதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு விளக்கம், நஷ்டத்தைத் தவிர்க்க உங்களிடம் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மூன்றே மாதத்தில் கசிவு தெரிந்துவிட்டது என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் கணக்கில்தான் வரும். ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை இன்றே பார்த்து, அளவைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

புது எஞ்சின் கோரிக்கையை இப்போதே கைவிடுங்கள். இன்றைய தேதியில் உங்கள் எஞ்சின் ஓடுகிறது. ‘கெடுத்துவிட்டார்கள்’ என்பது இன்னொரு மெக்கானிக் வாய்ச்சொல். சோதனை உங்கள் பக்கம் வந்தால், சீலையும் ஆயில் பட்ட பெல்ட்டையும் கூலி வாங்காமல் மாற்றித் தர வேண்டும், சோதனைச் செலவையும் தர வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். இதற்கு ஒர்க்‌ஷாப் ஒத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். ஒத்துக்கொண்டால் சமரசமாக முடித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் வழக்குப் போட, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ‘முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அச்சடித்த தாளை நீட்டினால், அந்த வரியை அடித்துவிட்டு, ‘கசிவு உண்டா என்று ஓட்டிப் பார்த்த பின்’ என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.