வண்டி நிற்கும்போது வரும் பாட்டு

11 வருடம் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு, இப்போது கானா மேடைகளில் டோலக் வாசிக்கும் அண்ணன் பதில் சொல்கிறார்.

தண்டையார்பேட்டை வாசகர்: அண்ணா, நானும் என் நண்பனும் கிட்டார், பறையோடு ஃபோக் ராக் பாடுகிறோம். ரோட்டு வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆல்பம் போட ஆசை. பைக்கில் லடாக் போய்வந்தால்தான் பாட்டு வரும் என்கிறான் நண்பன். கடன் வாங்கிப் போகலாமா?

தம்பி, லடாக் போவதென்றால் மலையைப் பார்க்கப் போ. பாட்டுக்காகக் கடன் வாங்காதே. எண்ணூர் விரைவுச் சாலை உன் பக்கத்திலேயே இருக்கிறது.

வண்டி ஓடும்போது எனக்கு ஒரு வரிகூட வந்ததில்லை. கண்ணாடி, பிரேக், குறுக்கே வரும் பைக் என்று கவனமெல்லாம் அதிலேயே போய்விடும். வந்ததெல்லாம் நிற்கும்போதுதான். ஒருமுறை கன்டெய்னரோடு அந்தச் சாலையில் மாலை ஆறு மணிக்கு, துறைமுகத்துக்குள் போகும் வரிசையில் நின்றவன், மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் கியர் போட்டேன். டூல் பாக்ஸிலிருந்து ஸ்டவ்வை எடுத்து, டயர் மறைவில் சோறு பொங்கினோம். காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை வந்தது, குழம்புதான் இல்லை. பக்கத்து வண்டி நெல்லூர்க்காரர் தெலுங்கில் ஏதோ பாட ஆரம்பித்தார். எங்கள் கிளீனர் பையன் டீசல் டேங்கில் தாளம் போட்டான். எங்கள் டேங்க் நிறைய டீசல், 'தொம்' என்றது. அவருடையது கிட்டத்தட்ட காலி; 'டங்' என்றது. பையன் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று மாற்றி மாற்றித் தட்டினான். இன்றைக்கும் என் டோலக்கில் அந்தத் தாளம்தான் ஓடுகிறது.

சைமன் அண்டு கார்ஃபங்கல் என்ற அமெரிக்க ஃபோக் ராக் ஜோடியை நீ கேட்டிருப்பாய். பால் சைமன் 1965-ல் இங்கிலாந்தில் கிட்டாரோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். அப்போது எழுதிய 'ஹோம்வர்ட் பவுண்ட்' பாட்டில் அந்த ஆள் எங்கே இருக்கிறான்? ரயில் நிலையத்தில், டிக்கெட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பாட்டுக்காக இங்கிலாந்தில் விட்னஸ் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் நினைவுப் பலகைகூட வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு ராத்திரி ஃப்ளாஸ்கில் டீயோடு லாரி வரிசை நெடுக நடந்து பார். அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு ரெக்கார்ட் செய், அது முக்கியம்.

திருவொற்றியூர் வாசகர்: கிட்டாரோடு பறை சேராது என்கிறார் எங்கள் மாஸ்டர். உண்மையா?

பறையும் கிட்டாருமாக, கானாவையும் ராக்கையும் ராப்பையும் 2018 ஜனவரியிலேயே கீழ்ப்பாக்கத்தில் ஒரே மேடையில் ஏற்றிவிட்டது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழு. மாஸ்டருக்கு இன்னும் தகவல் போகவில்லை போல. உங்களுக்கு நிஜமான எதிரி கடல் காற்று. ஈரம் பட்டால் தோல் தொய்ந்து, சத்தம் அமுங்கிவிடும். மேடைக்குப் பின்னால் வைக்கோலோ பேப்பரோ கொளுத்திக் காய்ச்சிக்கொள்ளுங்கள். நாலு பாட்டுக்கு ஒருமுறை திரும்பவும் காய்ச்ச வேண்டியிருக்கும். கிட்டார் அந்தப் பக்கமே வரக்கூடாது. சூட்டில் பசை விட்டுப்போகும்.

வியாசர்பாடி வாசகர்: ஒரு பேண்டுக்கு இரண்டு பேர் போதுமா?

தாராளமாக. ஷேர் ஆட்டோவில் மட்டும் மூன்று பேருக்குக் காசு கேட்பார்கள், கிட்டாரையும் சேர்த்து.