களையும் கோதுமையும்: சபை யாரை விலக்கலாம்?

கேள்வி: மனைவியைக் கைவிட்டு வேறொரு பெண்ணோடு வெளிப்படையாக வாழ்ந்துவரும் ஒருவர், எங்கள் சபையில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறார், திருவிருந்திலும் பங்குபெறுகிறார். கைவிடப்பட்ட அந்த அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, காணிக்கைப் பையை இவரே நீட்டிக்கொண்டு வருகிறார். போதகரிடம் கேட்டால், "களையும் கோதுமையும் அறுப்புமட்டும் சேர்ந்து வளரட்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே" என்கிறார். இது சரியா? நான் இந்தச் சபையில் தொடரலாமா?
- ஒரு வாசகி

பதில்: அந்த உவமைக்கு ஆண்டவரே விளக்கமும் தந்திருக்கிறார். மத்தேயு 13:38-இல், களையும் கோதுமையும் வளரும் நிலம் என்று அவர் குறிப்பிடுவது உலகத்தை, சபையை அல்ல. உலகத்தார்மேல் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பை நிறைவேற்றலாகாது என்று காட்டும் உவமையை, சபை தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் சாக்காக எடுத்துக்கொள்வது தவறு.

உங்கள் சபையின் நிலைக்கு நெருக்கமானது 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரம். ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்திருந்ததைக் கேள்விப்பட்டு எழுதும் பவுல், அவனை நோக்கி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கடிந்துகொள்வதெல்லாம், துக்கப்படாமல் இறுமாப்படைந்திருந்த கொரிந்து சபையைத்தான். புளித்தமாவைச் சொல்லி அவர் எச்சரிப்பதும் சபையைக் குறித்தே. பழைய தோசைமாவு ஒரு கரண்டி புதுமாவில் கலந்தால் காலைக்குள் என்ன ஆகும் என்று அறிந்த உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இவர் காணிக்கை அதிகம் கொடுப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் விலக்குவது முதல் படியல்ல. மத்தேயு 18:15-17-இன்படி முதலில் தனிமையில் பேச வேண்டும். செவிகொடாவிட்டால் இரண்டொருவரோடு போக வேண்டும். அதன் பின்னரே விஷயம் சபைக்கு வரும். மாதக்கணக்கில் எல்லாரும் வாசலில் நின்று பேசிவிட்டு, ஒருவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று அறிக்கை வாசித்துத் திருவிருந்தை நிறுத்துவது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. ஒருவேளை அந்த வீட்டில் அடிதடியும் நடந்திருந்தால், அது சபைக்குள் பேசித் தீர்க்கும் காரியமல்ல. காவல் நிலையத்துக்குப் போக வேண்டியது.

விலக்கப்பட்டவரையும் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்திசொல்லும்படி 2 தெசலோனிக்கேயர் 3:15 கேட்கிறது. 2 கொரிந்தியர் 2-இல், அநேகரால் உண்டான தண்டனையே போதும், அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னியுங்கள் என்று பவுல் எழுதுகிறார் (இவன் முன்சொன்ன அதே மனிதன்தானா என்பதில் வேதபண்டிதரிடையே கருத்துவேறுபாடு உண்டு). பிற்காலச் சபை இவ்வளவு விரைவாக மனமிளகவில்லை: கட்டாயம் ஏதுமின்றி விசுவாசத்தை மறுதலித்துப் பின்பு மனந்திரும்பியவர்களுக்கு, கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம் (திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டம்) 12 ஆண்டுப் பிராயச்சித்தம் விதித்தது. இந்த இரண்டில் பவுலின் வழியே மேலானது என்பது என் கருத்து.

சபையைவிட்டுப் போகும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். இரண்டு மூப்பர்களை அழைத்துக்கொண்டு போதகரிடம் மறுபடியும் பேசுங்கள். குறைந்தபட்சம், அந்தக் கமிட்டி உறுப்பினர் தம் பொறுப்பிலிருந்து விலகி நிற்கும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்பு அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவர் சம்மதமில்லாமல் அவர் பெயரை எந்த மனுவிலும் எழுதாதீர்கள்.