மாடிக்கு வரும் குரங்குக்கு என்ன வைக்கலாம்?

கேள்வி: எங்கள் மொட்டை மாடிக்குக் குரங்குக் கூட்டம் வருகிறது. அம்மா தினமும் பிஸ்கட் வைப்பார். போன வாரம் பையனின் கையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கும்போது ஒரு குரங்கு கீறிவிட்டது. சத்தாக வேறு என்ன வைக்கலாம்? பிடித்துக் காட்டில் விட, தலைக்கு இவ்வளவு என்று ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கேள்வியின் நடுவில் கீறலைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். தோல் கிழிந்திருந்தால் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி குரங்குக் கீறலுக்கும் உண்டு. ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். இனி கீறினால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

அடுத்து, என்ன வைக்கலாம்? ஒன்றும் வேண்டாம். பழமும் வேண்டாம். உங்கள் மாடிக்கு வருவது சிவந்த முகமும் தலையில் வகிடெடுத்த முடியுமாக இருக்கும் நாட்டுக்குரங்காகத்தான் இருக்கும். ஆலம்பழம், அத்தி, கொழுந்து, பூச்சி என்று பகலில் பெரும்பொழுதை இரை தேடியே கழிக்கும் பிராணி அது. ஒரே தட்டில் குவித்து வைத்தால் வலுத்தது உட்கார்ந்து தின்னும். இளைத்தது பிடுங்கித்தான் கன்னப்பைக்குள் அடைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம்தான் உங்கள் பையன் கைவரை வந்திருக்கிறது.

கரிய முகமும் நீண்ட வாலுமாக வந்தால் அது மந்தி. அதன் கதை வேறு. ஆடு மாடுபோல அதற்கும் அறைகள் பிரிந்த வயிறு. உள்ளே நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைக்கின்றன. ரொட்டியும் சர்க்கரையும் போனால் அந்த வயிறு புளித்துக் கெடும். மந்தி சாது, பிடுங்காது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் அதிகம். சாதுதான், கெடுதலும் அதற்குத்தான் கூடுதல்.

பிடிக்க வரும் ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். வனத்துறை அனுமதியில்லாமல் பிடிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ‘காடு’ என்று அவர் சொல்வது பெரும்பாலும் அடுத்த ஊர் எல்லை. குட்டியும் தாயும் பிரியும். இங்கே காலியான இடத்துக்கு வேறொரு கூட்டம் வரும். அவரும் மறுபடி வருவார். அனுமதிக் கடிதம் காட்டச் சொல்லுங்கள், ஆளைக் காணோம்.

நகராட்சியைக் கேட்டால் வனத்துறை என்பார்கள், வனத்துறையைக் கேட்டால் நகராட்சி என்பார்கள். தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு ஒரு மூடி போட யாருக்கும் அதிகாரமில்லைபோல! எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள்.

பிஸ்கட்டை நிறுத்திய முதல் சில நாள் கூச்சலும் மிரட்டலும் அதிகமாகும். அம்மா மனமிரங்கி ஒருநாள் வைத்துவிட்டால், கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள். பையனிடம் குரங்கின் கண்ணைப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மெதுவாகப் பின்வாங்கச் சொல்லுங்கள்.